பழைய விக்டோரியன் வீட்டை ரிப்பேர் பண்ணி நல்லபடியா விக்கிறது எப்படி: எங்க வால்தம்ஸ்டோ வீட்டுல செஞ்சதை வச்சு ஒரு செய்முறை

வாசல் பாதைல கிடந்த வினைல் ஷீட்டோட ஒரு மூலையை ஸ்க்ரேப்பரால நெம்பினேன், அடில ஹார்ட்போர்டு, அதுக்கு அடில காஞ்சு போன பசை, அதுக்கும் அடில செங்காவி, கறுப்பு, வெண்ணெய் நிறத்துல சின்னச் சின்ன முக்கோண டைல்ஸ். ஒரு கை அகலம்தான் தெரிஞ்சுது, ஆனா அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், இந்த வீட்டை "புதுசு மாதிரி" ஆக்கி விக்கக் கூடாது, பழசாவே விக்கணும்னு. கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோல 1890கள்ல கட்டின டெரஸ் வீடு அது, அதாவது பக்கத்து வீடுகளோட சுவர் ஒட்டி வரிசையா கட்டினது. பழைய வீடு தேடி வர்றவங்க அந்தப் பழமைக்குத்தான் காசு குடுக்கறாங்க, நாம பிடுங்கிப் போட்டதை திரும்ப விக்க முடியாது. முதல் தடவையா இந்த வேலைல இறங்கறவங்களுக்கு எங்களுக்குத் தெரிஞ்சதை வரிசையா எழுதறேன்.

ஸ்டெப் 1: எதையும் தொடறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை

பழைய கட்டடங்களைப் பாத்துக்கற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்போட வெப்சைட்ல இருக்கற லிஸ்ட்ல உங்க வீடு லிஸ்டட் பில்டிங்கான்னு, அதாவது சட்டப்படி பாதுகாக்கற கட்டடமான்னு பாருங்க, அப்புறம் கவுன்சில் வெப்சைட்ல கன்சர்வேஷன் ஏரியால, அதாவது பழமையைப் பாதுகாக்கற பகுதில வருதான்னு பாருங்க. சாதாரண டெரஸ் வீடு பெரும்பாலும் லிஸ்டட் ஆகாது. ஆனா லிஸ்டட்னா, அதோட தன்மையை மாத்தற எந்த வேலையையும் அனுமதி இல்லாம செஞ்சா இங்க அது கிரிமினல் குத்தம், அதுக்கு கால வரம்பும் கிடையாது, அதைச் சரி பண்ணச் சொல்ற உத்தரவு வாங்கறவங்க தலையிலயும் வந்து விழும். அதனால அவங்க சொலிசிட்டர், அதான் வக்கீல், கண்டிப்பா கேப்பாரு. கன்சர்வேஷன் ஏரியால கவுன்சில் ஆர்ட்டிக்கிள் 4ன்னு ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தா ஜன்னல், முன் கதவு மாத்தக்கூட பர்மிஷன் வாங்கணும். அரை நாள் வேலைதான், இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

ஸ்டெப் 2: தண்ணிய நிறுத்துங்க

பெயின்ட், வால்பேப்பர் எல்லாம் அப்புறம். மழை பெய்யும்போது குடையைப் பிடிச்சிட்டு வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்ட் போங்க, எங்க சொட்டுது, எந்த பைப் ஜாயின்ட்ல சுவர் பச்சையா பாசி பிடிச்சிருக்கு, கூரைல எந்த ஸ்லேட் நகந்திருக்கு, எல்லாம் கண்ணுக்கே தெரியும். எங்க வீட்டுல பின் ரூம் ஓதத்துக்குக் காரணம் கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர்ல அடைச்சிருந்த இலைங்கதான்.

அடுத்து தரையை ஒட்டி ஓட்டை ஓட்டையா இருக்கற ஏர் பிரிக். இந்த வீடுகள்ல மரப்பலகைத் தரைக்குக் கீழ காத்து ஓடற மாதிரி காலி இடம் விட்டிருப்பாங்க, அது வழியா காத்து போனாத்தான் உத்தரங்கள் உளுத்துப் போகாம இருக்கும். பின்னாடி வந்தவங்க தோட்டத்துல பேவிங் போட்டு உயர்த்தி அந்த ஓட்டையை மூடியிருப்பாங்க, அதைத் தோண்டித் திறந்து விடுங்க. வெளில தரைமட்டம் சுவர்ல ஈரம் மேல ஏறாம தடுக்கற டேம்ப் கோர்ஸ் அடுக்கை விட 15 செ.மீ. கீழ இருக்கணும்.

ஓதம்னு சொன்னதும் ஒருத்தர் மீட்டரைக் கொண்டு வந்து சுவர்ல குத்தி "கெமிக்கல் இன்ஜெக்ஷன் போடணும்"னு சொல்லுவாரு. அந்த மீட்டர் மரத்துல ஈரம் பாக்கறதுக்குச் செஞ்சது, பழைய செங்கல்ல உப்பு இருந்தாலே அது ஏறிக் காட்டும். எதையும் விக்காத, பழைய கட்டடம் தெரிஞ்ச சர்வேயர்கிட்ட காசு குடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்குங்க.

ஸ்டெப் 3: சுவர், இங்கதான் நாங்க அடி வாங்கினோம்

முன் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. நீளக் கல் நடுவுல நடுவுல குட்டைக் கல் தெரிஞ்சா அது பெரும்பாலும் 9 இன்ச் திண்ணமான சுவர், நடுவுல காலி இடம் கிடையாது. இதைக் கட்டினது சுண்ணாம்புக் காரைல. மழைல செங்கல் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் வந்தா அந்த ஈரம் மெத்துன்னு இருக்கற சுண்ணாம்பு ஜாயின்ட் வழியா வெளில போயிரும், அப்படி மூச்சு விடற சுவர் அது. அந்த ஜாயின்ட்டுல சிமென்ட் வச்சுப் பூசினா ஈரம் ஜாயின்ட் வழியா போக முடியாம செங்கல் வழியா வெளில வரப் பாக்கும், குளிர்காலத்துல உறைஞ்சு விரியும், செங்கல் முகமே பத்தை பத்தையா பேந்து விழும். வாங்கின புதுசுல நாங்க வச்ச பில்டர் "சிமென்ட்தான் ஸ்ட்ராங்"னு சொல்லி முன்பக்கம் முழுக்க அடிச்சிட்டுப் போனாரு, ரெண்டு குளிர்காலம் கழிச்சு வெளில துருத்திட்டு இருக்கற பே விண்டோ ஜன்னலுக்குக் கீழ கையால தடவினா செங்கல் தூள் தூளா வந்துச்சு. எங்க தாத்தா வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரைதான், இது தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

சரி பண்றது இப்படித்தான். பழைய காரையை உளியும் சுத்தியும் வச்சு கையால எடுக்கணும், கிரைண்டர் வச்சா செங்கல் ஓரத்தையும் சேத்து அறுத்துரும். ஜாயின்ட் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு ஆழம், அதாவது சுமாரா 20 மி.மீ.ல இருந்து 25 மி.மீ. வரைக்கும் எடுத்தா போதும். தூசியை பிரஷ் பண்ணிட்டு தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு சுண்ணாம்பு கலவையை அழுத்தி வைங்க, கொஞ்சம் இறுகினதும் விறைப்பான பிரஷ்ஷால தட்டி விடுங்க, ஈரச் சாக்கு தொங்கவிட்டு சில நாள் சீக்கிரம் காயாம பாத்துக்கங்க. 5 டிகிரிக்குக் கீழ குளிர் போற காலத்துல இந்த வேலையே வேண்டாம். நல்லா இருக்கற ஜாயின்ட்டைத் தொடாதீங்க, விட்டுப் போன இடம் மட்டும் செஞ்சா போதும்.

இந்த எண்ணத்தை ஒரு கொள்கையாவே ஆக்கினவரு டிசைனர் வில்லியம் மோரிஸ், 1834ல இதே வால்தம்ஸ்டோல பொறந்தவரு. பழைய கட்டடத்தைச் சுரண்டிப் புதுசாக்காதீங்க, பழுது மட்டும் பாருங்கன்னு 1877ல சொசைட்டி ஃபார் தி ப்ரொடெக்ஷன் ஆஃப் ஏன்ஷியன்ட் பில்டிங்ஸ்னு ஒரு அமைப்பையே ஆரம்பிச்சாரு, சுருக்கமா ஸ்பாப்னு சொல்லுவாங்க. இன்னும் நடக்குது. சுண்ணாம்பு வேலை பத்தி அவங்க எழுதி வச்சிருக்கறதைப் படிச்சுட்டு இறங்குங்க.

ஸ்டெப் 4: ஜன்னல்

மேலயும் கீழயும் நகர்ற சாஷ் ஜன்னல்தான் இந்த வீட்டோட முகம். அதைப் பிடுங்கிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்காதீங்க. திறக்கலன்னா பெரும்பாலும் பெயின்ட் ஒட்டியிருக்கும், இல்லன்னா கயிறு அறுந்திருக்கும், அவ்வளவுதான். கிணத்துக் கப்பி மாதிரியே மேல ஒரு கப்பி, அது வழியா கயிறு, கயிறோட மறுமுனைல பெட்டிக்குள்ள இரும்புக் குண்டு தொங்கும். உள்பக்க மரச் சட்டத்தை மெதுவா நெம்பி எடுத்து கண்ணாடிப் பலகையை வெளில எடுங்க, பெட்டியோட கீழ ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தா குண்டு கைக்கு வரும். சின்ன ஈயத் துண்டுல நூல் கட்டி கப்பி வழியா உள்ள இறக்குங்க, நூலோட இன்னொரு முனைல புதுக் கயிறைக் கட்டி இழுத்தா கயிறு தானா உள்ள போயிரும். முதல் ஜன்னலுக்கு எங்களுக்கு ஒரு முழு நாள் ஆச்சு, நாலாவது ஜன்னல் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. ஓரத்துல பிரஷ் ஸ்ட்ரிப் வச்சா காத்து வர்றதும் கடகடன்னு ஆடறதும் குறைஞ்சிரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 1960களுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்கங்க, காய்ஞ்ச உப்புத்தாள் வச்சுத் தேய்க்காதீங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க, நனைச்சுத் தேய்ங்க இல்ல ஸ்ட்ரிப்பர் போட்டு எடுங்க, மாஸ்க் கட்டாயம். சீலிங்ல சொரசொரன்னு ஆர்ட்டெக்ஸ் பூச்சு இருந்தா சுரண்டறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கான்னு சாம்பிள் குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, அது இந்த நாட்டுல முழுசா தடை ஆனது 1999லதான்.

ஸ்டெப் 5: உள் வேலை, கம்மியா

டைல்ஸுக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம், பசையை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால எடுத்துட்டு மைல்டான கிளீனர் போட்டு, கொஞ்ச தண்ணில துடைச்சு துடைச்சு எடுங்க. உடைஞ்ச துண்டுக்கு ஷ்ராப்ஷயர் ஜாக்ஃபீல்டுல இன்னும் அந்த மாதிரி டைல்ஸ் செய்யறாங்க. பலகை வச்சு அடைச்ச ஃபயர்பிளேஸைத் திறந்து பாருங்க, உள்ள வார்ப்பிரும்பு அப்படியே இருக்க நிறைய சான்ஸ் உண்டு. புது கிச்சன்ல காசைக் கொட்டாதீங்க, வாங்கறவங்க பாதிப் பேரு அதைப் பிச்சுட்டு அவங்க இஷ்டத்துக்குப் போடுவாங்க, சுத்தமா இருந்தா போதும்.

ஸ்டெப் 6: வீட்டோட கதையைத் தேடுங்க

மார்க்கெட்டிங் இங்க இருந்துதான் ஆரம்பம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட்ல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப், அதாவது நில அளவை மேப், இலவசமா பாக்கலாம், எந்த மேப்ல உங்க தெரு இல்ல, அடுத்த மேப்ல எப்ப வந்துச்சுன்னு பாத்தா கட்டின காலம் பிடிபடும். எங்க பக்கம் 1870ல ரயில் வந்தப்புறம்தான் வயலெல்லாம் தெருவாச்சு. உங்க வீடு உள் லண்டன்ல இருந்தா சார்லஸ் பூத்ங்கற ஆய்வாளர் தெருத் தெருவா ஏழை பணக்காரன்னு கலர் அடிச்ச மேப்பையும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் லைப்ரரி வெப்சைட்ல பாருங்க.

அப்புறம் சென்சஸ். 100 வருஷம் கழிச்சுத்தான் வெளியிடுவாங்க, அதனால இப்போதைக்கு 1921 வரைக்கும் பாக்கலாம். 1931 சென்சஸ் 1942ல தீ விபத்துல போச்சு, 1941ல போர் நடந்ததால எடுக்கவே இல்ல, ஆனா 1939ல மக்கள் பேரைப் பதிஞ்ச ரிஜிஸ்டர் இருக்கு. எங்க வீட்டுல 1901ல ஒரு ரயில்வே கிளார்க், அவரு மனைவி, அஞ்சு பிள்ளைங்க, கூட ஒரு வாடகைக்காரர்னு எட்டுப் பேரு இருந்திருக்காங்க. நாங்க நாலு பேரு இருந்துட்டே இடம் பத்தலன்னு சொன்ன அதே வீட்டுல! அதைப் படிச்சப்புறம் அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்கறதே வேற மாதிரி இருந்துச்சு.

இதையெல்லாம் சேத்து எட்டு பக்கத்துல ஒரு புக்லெட் அடிங்க: பழைய மேப், யாரு இருந்தாங்கங்கற விவரம், முன்னாடி எப்படி இருந்துச்சு இப்ப எப்படி இருக்குங்கற போட்டோ, கடைசிப் பக்கத்துல இன்னும் சரி பண்ணாத வேலைகளோட லிஸ்ட். எங்க எஸ்டேட் ஏஜென்ட் அந்தக் கடைசிப் பக்கம் வேண்டாம்னாரு, நான் விடல, பாக்க வந்தவங்க அதிக நேரம் நின்னு படிச்சது அதைத்தான். ஆதாரம் இல்லாத வருஷத்தையோ பெரிய மனுஷங்க பேரையோ சேக்காதீங்க.

ஸ்டெப் 7: போட்டோ, விளம்பரம், வீடு காட்டறது

ரைட்மூவ், ஜூப்லான்னு வீடு விக்கற வெப்சைட் ரெண்டுலயும் முதல் போட்டோதான் ஆளை நிறுத்தும். எங்க வீடு மேற்கு பாத்தது, அதனால சாயங்காலம் முன் சுவர்ல வெயில் விழற நேரத்துல உள்ள லைட்டையும் போட்டு எடுத்தோம். பெரிய ரூம் போட்டோ நடுவுல டைல்ஸ், பித்தளைக் கைப்பிடி, சீலிங் நடுவுல இருக்கற பூ வேலைப்பாடு (சீலிங் ரோஸ்) மாதிரி கிட்டத்துல எடுத்த ரெண்டு மூணு படம் வைங்க. "கேரக்டர் நிறைஞ்ச வீடு"ன்னு எல்லாரும் எழுதறாங்க, அதுக்குப் பதிலா "எல்லா சாஷ் ஜன்னலும் புதுக் கயிறு போட்டது, முன் சுவர் ஜாயின்ட் சுண்ணாம்புக் காரைல சரி பண்ணினது"ன்னு எழுதுங்க. விக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே இன்ஸ்டாகிராம்ல வேலை நடக்கற வீடியோ போட்டுட்டே வந்தோம், பாக்க வந்தவங்கள்ல மூணு குடும்பம் அங்க இருந்து வந்தவங்கதான்.

வீடு காட்டற அன்னைக்கு முன் ரூம்ல மோரிஸோட வில்லோ பவ் டிசைன் திரை ஒண்ணு மட்டும் போட்டோம், மத்தபடி அலங்காரம் எதுவும் பண்ணல. வந்தவங்களை ஜன்னலை அவங்க கையாலயே தூக்கிப் பாக்கச் சொன்னோம், ஒரு விரல்ல மேல போகும், விட்ட இடத்துல நிக்கும். அதைப் பாத்துட்டு ஒரு பெரியம்மா நாலு தடவை ஏத்தி இறக்கினாங்க. அவங்க மகதான் கடைசில வாங்கினது.

விலை பேசி முடிஞ்சதும் டிஏ10னு ஒரு ஃபார்ம் வரும், வீட்டோட எது போகும் எது போகாதுன்னு எழுதறது. ஃபயர்பிளேஸ், பழைய கதவுக் கைப்பிடி, வண்ணக் கண்ணாடி எல்லாத்தையும் ஒண்ணு விடாம அதுல எழுதுங்க, பின்னாடி சண்டை வராது. வீடு எவ்வளவு எனர்ஜி மிச்சம் பிடிக்குதுன்னு ஏல இருந்து ஜி வரைக்கும் கிரேடு போடற எனர்ஜி சர்டிஃபிகேட், அதான் இபிசி, பழைய வீட்டுக்கு டி இல்ல ஈ வர்றது சகஜம், பயப்படாதீங்க, தரைக்கும் கூரைக்கும் செஞ்ச வேலைக்கு ரசீது இருந்தா காட்டுங்க. சாவி குடுக்கற அன்னைக்கு மாடிப்படிக்குக் கீழ இருக்கற அலமாரில ஒரு பெட்டி வச்சுட்டு வந்தோம்: மிச்ச டைல்ஸ், பெயின்ட் பேரு எழுதின சீட்டு, சுண்ணாம்பு கலந்த அளவு, பாக்கி இருந்த சாஷ் கயிறு ஒரு சுருள்.