169.254 என்று ஆரம்பிக்கிற ஐபி முகவரி வந்தால் என்ன செய்வது?

வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் நெட் வரவில்லை என்றால் முதலில் கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வழக்கமாக நடப்பது இதுதான்: கணினி நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் "எனக்கு யாராவது முகவரி தருவீர்களா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு செய்தி அனுப்பும், ரவுட்டரில் இருக்கும் டிஎச்சிபி சர்வர் (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பகுதி) காலியாக உள்ள ஒரு முகவரியைக் காட்டும், கணினி அதையே கேட்டு வாங்கும், சர்வர் உறுதி செய்யும். கூடவே கேட்வே (இணையத்துக்கு வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) விவரங்களும் வந்துவிடும். 1993 முதல் இருக்கிற முறை இது. முகவரி சொந்தமல்ல, வாடகைதான். பாதிக் காலம் முடிந்ததும் கணினியே புதுப்பிக்கக் கேட்கும்.

சரி, 169.254 வந்தால்? வைஃபையை அணைத்து மறுபடி போடுங்கள், அப்புறம் ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் ரவுட்டரில் டிஎச்சிபி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, வீட்டில் இரண்டாவது ரவுட்டரை வெறும் வைஃபை எட்டுவதற்காக மாட்டினால் அதில் டிஎச்சிபியைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள், இரண்டும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் ஒரு கருவிக்கு நெட் வரும், பக்கத்திலிருப்பதற்கு வராது, காரணம் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். பிரிண்டருக்கு மட்டும் ரவுட்டரிலேயே அதன் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) கொடுத்து மாறாத ஒரே ஐபியை ஒதுக்கிவையுங்கள்.