வாட்ச் 178 காட்டினால் உடனே நம்பாதீர்கள்

கூட ஓடுபவரோடு மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் இதயத் துடிப்பு 178 என்று இருக்கிறது. 45 வயதில் துடிப்பு நிஜமாகவே அங்கே இருந்தால் ஒரு முழு வாக்கியம் பேச வராது. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உங்கள் காலடிகளிலிருந்து.

வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் ரத்தக் குழாய்களில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதைத்தான் வாட்ச் எண்ணுகிறது. ஆனால் கைவீச்சில் வாட்ச் குலுங்கினாலும் ஒளி அதே மாதிரி ஏறி இறங்கும். ஓடும்போது நம்மில் பலர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறோம். துடிப்பும் அதே எல்லைக்குள் வரக்கூடியது என்பதால், வாட்ச் சில நேரம் காலின் தாளத்தை இதயத்தின் தாளம் என்று பிடித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதுதான் கேடன்ஸ், அதனால் ஓட்டக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கேடன்ஸ் லாக்'. ஓடி முடித்ததும் ஆப்பில் துடிப்புக் கோட்டையும் கேடன்ஸ் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் அன்றைய துடிப்புக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஓடும்போதே சந்தேகம் வந்தால் நின்று, கழுத்தில் விரல் வைத்து 10 வினாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு வேகமாக இறங்கும் என்பதால் ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வாட்ச் இப்படி ஏமாறுவதற்கு முதல் காரணம் அதைக் கட்டும் விதம். ஆபீஸுக்குப் போகும்போது வளையல் மாதிரித் தொங்கவிடுவது சரி, ஓடும்போது அது ஆகாது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, குலுங்காத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். ரத்த ஓட்டம் தடைபடுகிற அளவுக்கு இறுக்கினாலும் அளவு தப்பும். அந்த இடத்தில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் ஒளி சரியாகத் திரும்பாது, மறுகைக்கு மாற்றுங்கள். உடம்பு சூடேறாத முதல் சில நிமிடங்களில் வரும் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் சிலருக்கு மணிக்கட்டு அளவு சரிவராது. அவர்களுக்கு நெஞ்சுப் பட்டைதான் வழி. அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லா இதயத் துடிப்பு மானியைக் கொண்டுவந்தபோதே அதற்கு நெஞ்சுப் பட்டை இருந்தது. இன்றும் பயிற்சிக்கு அதை முழுதாக மிஞ்சும் மணிக்கட்டு வாட்ச் இல்லை. என்னைக் கேட்டால், விலையுயர்ந்த மாடலைத் தேடுவதைவிட நடுத்தர வாட்ச்சும் ஒரு நல்ல பட்டையும் வாங்குவது புத்திசாலித்தனம். பட்டையிலும் ஒரு தவறு நடக்கும்: உலர்ந்தபடியே கட்டிக்கொள்வது. தோலில் படும் பகுதியைத் தண்ணீரில் நனைக்காவிட்டால் வியர்வை வரும்வரை எண்கள் தாறுமாறாக ஓடும். ஓடி வந்ததும் அலசிக் காயப்போடாவிட்டால் உப்புப் படிந்து சீக்கிரமே வீணாகும்.

சரி, துடிப்பைச் சரியாக அளந்தாயிற்று. அடுத்த தவறு அதைவிடப் பெரியது, கண்ணுக்கும் தெரியாது. வாட்ச்சை முதன்முதலில் அமைக்கும்போது பிறந்த ஆண்டைக் கொடுக்கிறீர்கள் இல்லையா? அதை வைத்து உங்கள் அதிகபட்ச துடிப்பை அதுவே முடிவு செய்துகொள்கிறது. பல வாட்ச்சுகளில் சூத்திரம் 220-லிருந்து வயதைக் கழிப்பது. 1971-இல் வந்த ஒரு கட்டுரையால் பிரபலமான கணக்கு இது. இதற்கென்றே நடத்திய சோதனையில் பிறந்ததல்ல, பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து, நடுவே குத்துமதிப்பாக இழுத்த கோடு. 2001-இல் வந்த மாற்றுச் சூத்திரம் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுடைய இருவருக்கு நடுவே 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

உங்கள் வயது 45, உண்மையான உச்சம் 188 என்று வைத்துக்கொள்வோம். வாட்ச் 175 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தின் கடினத்தைத் துடிப்பை வைத்து ஸோன்களாகப் பிரிப்பார்கள், அதில் சுலபமான ஓட்டத்துக்கு உரியது ஸோன் 2. உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம்தான் ஸோன் 2 என்றால், வாட்ச்சின் கணக்கில் அது 105 முதல் 122 வரை. உங்கள் உடம்பின் கணக்கிலோ 113 முதல் 132 வரை. ஸோன் 2-இல் ஓடச் சொல்கிறார்கள், ஆனால் ஓட ஆரம்பித்தாலே ஸோன் 3-க்குப் போய்விடுகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதயத்தில் கோளாறு இல்லை, வாட்ச்சின் செட்டிங்கில்தான் கோளாறு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில வாட்ச்சுகளில், சில கோச்சுகளின் திட்டங்களில், சதவீதத்தை உச்சத் துடிப்பின் மேல் போடாமல், உச்சத்துக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் இடையே உள்ள இடைவெளியின் மேல் போடுவார்கள். பின்லாந்து ஆய்வாளர் கார்வோனென் 1957-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை அது. அதே நபரின் ஓய்வுத் துடிப்பு 55 என்றால் இடைவெளி 133. அதில் 60 முதல் 70 சதவீதத்தை 55-உடன் கூட்டினால் 135 முதல் 148 வரை வரும். பெயர் ஒன்றுதான், ஸோன் 2. ஆனால் ஒரு முறையின் மேல் எல்லையே இன்னொன்றின் கீழ் எல்லைக்கு எட்டவில்லை. கோச் ஒரு கணக்கில் சொல்லி, வாட்ச் இன்னொரு கணக்கில் காட்டினால் மாதக்கணக்கில் தவறான வேகத்தில் ஓடுவீர்கள். திட்டத்தைக் கையில் வாங்கியதுமே எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

உண்மையான உச்சத்தை அறிய, நன்றாக வார்ம் அப் செய்தபின் ஒரு மேட்டில் மூன்று நான்கு நிமிடம் முழு வேகத்தில் ஏறி, இறங்கி வந்து, மறுபடி ஏறுவது ஒரு வழி. பட்டை கட்டிக்கொண்டு 5 கிலோமீட்டர் ரேஸில் கடைசி அரை கிலோமீட்டரை விரட்டி ஓடி வரும் எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். நீண்ட நாள் ஓடாதவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, எந்தச் சூத்திரமும் பொருந்தாது. அவர்கள் ஸோன்களை மூடிவைத்துவிட்டு, பேச முடிகிறதா இல்லையா என்பதை வைத்தே ஓடலாம்.

சென்னையில் ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பயிற்சியைத் தொடங்குவார்கள். விடிகாலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினாலும் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் புழுக்கம் அப்படியே இருக்கும். வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, உடம்பு குளிர்வதில்லை. ரத்தத்தின் ஒரு பங்கு தோலை நோக்கித் திரும்புகிறது, நீர் இழப்பால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் அடிக்கடி அடித்து ஈடுகட்டுகிறது. வேகம் மாறாமலே லாங் ரன்னின் கடைசி மணி நேரத்தில் துடிப்பு 10, 15 கூடிவிடும். இங்கே இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஈஸி ரன் நாளிலும் டிசம்பரில் ஓடிய பேஸைக் (ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரம்) கீழே விடமாட்டேன் என்று பிடிவாதமாக ஓடுகிறார்கள் சிலர். வேறு சிலர் வாட்ச் காட்டும் விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு) எண் இறங்கியதைப் பார்த்து உடல் தகுதி போய்விட்டது என்று பயிற்சியைக் கூட்டுகிறார்கள். அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. பேஸையும் துடிப்பையும் வைத்து வாட்ச் போடும் ஊகம் அது. உச்சத் துடிப்பு செட்டிங் தவறென்றால் ஊகமும் தவறு. வெயிலையும் புழுக்கத்தையும் ஓரளவு கழித்துப் பார்க்கும் வாட்ச்சுகள் உண்டு, முழுதாகக் கழிக்க அவற்றாலும் முடியாது. புழுக்க மாதங்களில் துடிப்பைப் பிடித்துக்கொண்டு பேஸை விட்டுவிடுங்கள்.

வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடும் இன்டர்வெல் நாளில் இதற்கு நேர்மாறு. 400 மீட்டரை 90 வினாடியில் ஓடினால், துடிப்பு மேலே வந்து சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். துடிப்பு ஏறவில்லையே என்று இரண்டாவது ரவுண்டிலேயே கொளுத்திவிட்டால் எட்டாவது ரவுண்டில் காலில் ஒன்றும் மிஞ்சாது. குறுகிய இன்டர்வெலுக்கு நேரம்தான் கணக்கு.

இனி ஜிபிஎஸ். வீட்டு வாசலில் வாட்ச்சை அழுத்தியதும் ஓடத் தொடங்குவது எல்லோரும் செய்வதுதான். சாட்டிலைட் சிக்னல் கிடைத்துவிட்டது என்று வாட்ச் சொல்லும்வரை திறந்த வானத்தின் கீழ் நில்லுங்கள், இல்லையென்றால் முதல் கிலோமீட்டர் பாழ். உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வருவதால் வாட்ச் உங்களைச் சாலையின் மறுபக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். அந்த நொடிக்கான பேஸைத் திரையில் வைத்திருந்தால் 4:50, 6:20, 5:10 என்று ஆடும். அதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்து ஓடுவதே களைப்பு. அதை எடுத்துவிட்டு லேப் பேஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றின் அல்லது கிலோமீட்டரின் சராசரிப் பேஸை, வையுங்கள். சிந்தெடிக் ட்ராக்கில் உள் லேன் ஒரு சுற்று 400 மீட்டர் என்பது அளந்து போட்டது. அங்கே ட்ராக் மோடைப் போட்டு சரியான லேனைத் தேர்ந்தெடுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் லேப் பட்டனை நீங்களே அழுத்துங்கள்.

நிற்கும்போது நேரத்தைத் தானாக நிறுத்தும் ஆட்டோ பாஸ் வைத்துக்கொண்டு, டிராஃபிக் சிக்னலில் நின்று நின்று ஓடிய 10 கிலோமீட்டரின் சராசரியை ரேஸ் பேஸ் என்று நம்ப வேண்டாம். வாட்ச் காட்டும் கலோரியை நம்பி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடவும் வேண்டாம்.

ஓட்டத்தைப் பொதுவில் பகிர்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டங்களைப் பதிவு செய்து பகிரும் ஆப்பான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ராணுவத் தளங்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ராணுவத்துக்கே அந்தக் கதி என்றால், தினமும் ஐந்தரைக்கு ஒரே வாசலிலிருந்து கிளம்பும் உங்கள் கோடு வீட்டு முகவரியை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லும். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. பெண்கள் இதை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

ரேஸ் நாளில் நடக்கும் தவறு கொஞ்சம் வலிக்கும். மாரத்தான் பாதையின் 42.195 கிலோமீட்டரை, வளைவுகளில் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம், ஆட்களைச் சுற்றிப் போகிறோம், ஜிபிஎஸ் தன் பங்குக்கு நெளிகிறது. முடிவில் வாட்ச் 42.7 காட்டினால் ஏற்பாட்டாளர்களைத் திட்டத் தேவையில்லை. ஆனால் 4 மணி நேர இலக்குக்கு கிலோமீட்டருக்கு 5:41 என்று கணக்குப் போட்டு, வாட்ச்சில் அதே 5:41-ஐப் பார்த்துக்கொண்டே ஓடியவர் ஏறக்குறைய 4 மணி 3 நிமிடத்தில்தான் கோட்டைத் தொடுவார். இலக்கு பேஸில் நாலைந்து வினாடியைக் கழித்துவிட்டு ஓடுங்கள். அல்லது ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாட்ச் தானாகக் குறிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் லேப் பட்டனை அழுத்துங்கள். முடிவுக் கோட்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அதிகாரபூர்வ நேரத்தை, நெஞ்சில் குத்தும் எண் அட்டையான பிப்பில் உள்ள சிப் எடுத்துக்கொள்ளும். பத்தடி தள்ளிப் போய் வாட்ச்சை நிறுத்தினால் போதும், போட்டோவில் தலை குனிந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.