கோலப் புள்ளிகளை வைத்து ஒரு லென்ஸைச் சோதிப்பது

கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கு எஃப் 1.8 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) ஜூம் லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் அதன் கூர்மையைத்தான் விசாரிக்கிறார்கள். 2013-இல் சிக்மா கொண்டுவந்த 18-35 மி.மீ. லென்ஸ் அந்தக் கவலையை ஏறக்குறையத் தீர்த்துவிட்டது. நம் கைக்கு வரும் அந்த ஒரு லென்ஸ், நம் கேமராவில் பொருத்தியபின் குறிவைத்த இடத்திலேயே ஃபோகஸ் செய்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

ஐப்பசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் நிலைக்குத் திரும்பும் அந்தி வேளையில் எஃப் 2.8 லென்ஸுக்கு 1/50 நொடி தேவைப்படும் வெளிச்சத்தில், எஃப் 1.8 லென்ஸுக்கு 1/125 நொடியே போதும். வடம் பிடிப்பவர்களின் கைகள் கலங்காமல் பதிவாகும். ஆனால் 35 மி.மீ.-இல், ஒரு மீட்டர் தொலைவில், முழுத் திறப்பில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே என்பதால், ஃபோகஸ் சற்று விலகினாலும் படம் வீண்தான்.

இதைச் சோதிக்கத் தனி அட்டை எதுவும் வாங்க வேண்டாம். அக்ரஹாரத்தில் எந்த வாசலிலும் இருக்கும் புள்ளிக் கோலமே போதும். கேமராவை முக்காலியில் பொருத்தி, கோலத்தைச் சாய்வாகப் பார்க்கும்படி நிறுத்தி, நடு வரிசையில் ஒரு புள்ளியின் மேல் ஃபோகஸ் செய்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிட்டுப் பத்துப் படங்கள் எடுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கினால், மாவின் பொடிப்பொடியான ஓரம் எந்த வரிசையில் துல்லியமாகத் தெரிகிறது என்பது புலப்படும். பத்திலும் குறிவைத்த புள்ளிக்கு முன்னுள்ள அதே வரிசையே தெளிவாக வந்திருந்தால் அது திருத்தக்கூடிய பிழை. லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிக்மாவின் யுஎஸ்பி டாக் கொண்டு நான்கு குவியத் தூரங்களிலும் நான்கு தொலைவுகளிலுமாக 16 இடங்களில் சரிசெய்யலாம். ஒரு படத்தில் முன்னும் மறு படத்தில் பின்னும் தாவினால், தயங்காமல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே கண்ணாடியுள்ள கேமராவில் (டிஎஸ்எல்ஆர்) இதே படத்தை லைவ் வியூவிலும், அதாவது சென்சார் வழியே பின்திரையில் பார்த்தும், எடுத்து ஒப்பிட வேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைக் கணிப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வெள்ளைப் புள்ளிகளின் ஓரத்தில் முன்பக்கம் ஊதாவும் பின்பக்கம் பச்சையும் கசிகின்றனவா என்பதையும் அதே படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 18 மி.மீ.-இலும், தெருக்கோடி அளவு தொலைவிலும் சோதனையைத் திரும்பச் செய்யாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்து ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று எடுங்கள். இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் மங்கலாகவும் இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. இந்தச் சிக்மா லென்ஸின் எடை 810 கிராம், அதிர்வுத் தடுப்பு கிடையாது. இவை தெரிந்தே வாங்க வேண்டியவை.

பழைய லென்ஸாக இருந்தால் டார்ச்சை ஒரு முனையிலிருந்து அடித்து மறுமுனை வழியே பாருங்கள். நான் ஒருமுறை கடை வெளிச்சத்தை நம்பி வாங்கிவந்த லென்ஸில், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முடிவதற்குள், சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. அது கடையிலேயே இருந்ததா, என் அலமாரியில் வளர்ந்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. அதனால் கடைக்காரரிடம் வாதாடவும் முடியவில்லை.