மலைக்குப் பைக்கில் போகிறவர்கள் திட்டம் போடும்போதே செய்துவிடும் தவறுகள்

ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், லைசென்ஸை மறக்காதீர்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறவர் மலைப்பக்கம் வராமல் இருப்பதே நல்லது. இது ஓரளவு நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு. அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வளைவில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து போனில் மேப்பைப் பார்க்கும்போதுதான். சனி, ஞாயிறுகளில் மேட்டுப்பாளையத்திலோ ஆழியாறிலோ ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். வாராவாரம் அதே தவறுகள் புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்து இறங்கும். இவற்றில் பாதியை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான் என்பதால் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது.

கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரச் சமாச்சாரம். இங்கே ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. அங்கே நின்று அணையைப் பார்க்காமல் யாரும் மேலே போவதில்லை. பாறையில் வரையாடு தெரிந்தால் அதற்கு ஒரு பத்து நிமிடம். முன்னால் பஸ் போனால் அது ஒதுங்கும் வரை அதன் புகையிலேயே போக வேண்டும். மலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கணக்கு சரியாக வரும். ஐந்தாறு வண்டிகள் சேர்ந்து போனால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவருக்கு எப்போதும் கையுறை கீழே விழுந்திருக்கும்.

இறங்குவதற்குத் திட்டமே இல்லாமல் கிளம்புவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

சென்னையிலிருந்து ஊட்டிக்கு வரும் ஒரு குழுவின் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். சனிக்கிழமைக்கு எல்லாம் இருக்கும்: எங்கே டிபன், எந்த இடத்தில் போட்டோ, யார் முன்னால் போவது, எந்த லாட்ஜ். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒரே சொல்தான் இருக்கும், 'ரிட்டர்ன்'. அதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மதியம் பிரியாணி. அப்புறம் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்க ஒரு மணி நேரம். கிளம்பும்போது நாலரை. குன்னூரில் நெரிசல். வெளிச்சம் போகிற நேரத்தில், பனிமூட்டத்துக்குள், முந்தைய நாள் களைப்போடு, மூட்டை முடிச்சோடு மலையிறக்கம். மேட்டுப்பாளையம் வந்த பிறகும் சென்னைக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பாக்கி. திங்கள் காலை ஆபீஸ். பயணத்திலேயே கடினமான பகுதியை, உடம்பும் வெளிச்சமும் பொறுமையும் தீர்ந்துபோன நேரத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

ஏறுவதைவிட இறங்குவது ஏன் கடினம் என்று கேட்பவர்களுக்கு: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டரில் சுமார் 1,500 மீட்டர் கீழே வருகிறீர்கள். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்றால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி பத்து லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். வண்டியைக் கியரில் வைத்து இன்ஜினையும் வேகத்தைத் தடுக்க விடாவிட்டால் காற்று தடுப்பது போக மீதி அவ்வளவும் பிரேக்குக்குத்தான் போகும்.

பர்லியாறில் பழக்கடைகள் இருக்கும் இடத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு தம்பி வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தான். முன் பிரேக் லீவரை அழுத்தினால் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டுகிறது. "அண்ணா, பிரேக் ஆயில் ஒழுகிடுச்சு போல" என்றான். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. குன்னூரிலிருந்து நியூட்ரலில், இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே வந்திருக்கிறான். கேட்டால் பெட்ரோல் மிச்சமாம். கூட வந்தவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கில் ஊற்றப் போனான், நல்லவேளை, தடுத்தோம். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் சும்மா நிறுத்திவைத்ததும் லீவர் பழையபடி இறுகிவிட்டது. அந்த அரை மணிக்குள் குழுவின் தலைவர் நான்கு முறை போன் செய்தார். எங்கே இருக்கிறாய், என்ன ஆயிற்று என்றெல்லாம் இல்லை. "டைம் ஆச்சுடா" மட்டும்தான்.

அவன் வண்டியில் நடந்தது இதுதான். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாற்றாமல் விட்ட பழைய ஆயிலின் கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. சூடு ஆறினால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அதனால்தான் மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலைக்குப் போகிறவருக்குக் கட்டாயம். செலவும் பெரிதில்லை.

நியூட்ரல் கதைக்கு வருவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கிற பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே, எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை மின்னணு முறையில் முடிவு செய்யும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அவை பெட்ரோல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆக, மிச்சமும் இல்லை, பிரேக்கும் போச்சு. இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் பத்திரிகைத் தமிழ் தாங்காது.

இறங்கும்போது, ஏறியபோது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியர். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். பிடித்தபடியே இருந்தால் ஆறவே ஆறாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்னும் கவனம் வேண்டும்: மிக மெதுவாக உருண்டால் அதன் கிளட்ச் தானாக விலகி, இன்ஜின் தரும் தடுப்பு சுத்தமாகப் போய்விடும். டிரம் பிரேக் ஸ்கூட்டரில் இரண்டு பேராக இறங்கினால் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். இன்னொன்று, குறுகலான இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

இவ்வளவையும் பழகிக்கொண்டாலும் ஞாயிறு மாலையில் இறங்கினால் பாதி வீண். களைத்த கை பிரேக்கைத்தான் பிடிக்கும், கியரைத் தேடாது. அதனால் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். மலையிறக்கம் காலைக்கு, சமவெளி மதியத்துக்கு. ஞாயிறு காலை ஆறரைக்கு ஊட்டியில் கிளம்பினால் கீழிருந்து கார்க் கூட்டம் ஏறத் தொடங்குவதற்குள் பெரும்பகுதி இறங்கிவிடலாம், மேட்டுப்பாளையத்தில் டிபன். ஞாயிறும் ஊட்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திங்கள் லீவு போடுங்கள். லீவு கிடைக்காது என்றால் மலையை மாற்றுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். அங்கேயும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

பெங்களூர்க்காரர்களுக்கு இதே தவறு வேறு வேடத்தில் வரும். அவர்கள் ஊர் திரும்பும் பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. ஒன்பது மணிக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று கூடலூரிலிருந்து முதுமலைக்குள் விரட்டிக்கொண்டு போகிறார்கள். யானை சாலைக்கு வருவதும் அதே நேரத்தில்தான்.

மழைக்காலம் ஒன்றுதான் என்று நினைப்பது

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை நனைத்தெடுக்கும். வால்பாறையிலும் அப்போதுதான் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் அடிக்கும். 2009 நவம்பரில் பெரிய மண்சரிவுகள் நடந்தது இந்த இரண்டாவது மழையில்தான். ஆகஸ்டில் கோத்தகிரி வழியாக ஏறி "மழையே இல்லையே" என்று பழகியவர், நவம்பரிலும் அதே நம்பிக்கையில் வந்து நிற்பார். மண் சரிந்து பாதை அடைபட்டால் மாற்றுவழி எது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். மேலே போய் சிக்னல் தேடக் கூடாது.

மேப் காட்டுகிறதே என்று கல்லட்டியில் இறங்குவது

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அதுதான் குறுக்குவழி, 36 வளைவுகள். வெளியூர் பதிவெண் வண்டிகள் அதில் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். கூடலூரைச் சுற்றித்தான் போக வேண்டும். சீசனில் மேட்டுப்பாளையம் பக்கமும் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று மாற்றிவிடுவார்கள்.

இ-பாஸ்

ஆன்லைனில் எடுக்கும் இந்த நுழைவு அனுமதி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டும். 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு அல்ல.

குழுவில் புதியவரைக் கடைசியில் விடுவது

இரண்டாவதாக வரட்டும். வேகத்தை அவர் முடிவு செய்யட்டும்.

மூட்டை

பின் சீட்டில் கோபுரம் கட்டாதீர்கள். எடை முழுக்க பின்னாலும் உயரத்திலும் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. கனமானது சீட்டின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கட்டும்.

பெட்ரோல்

கீழேயே நிரப்புங்கள்.

ரெயின்கோட்

பையின் அடியில் வைக்காதீர்கள்.