பழைய மாணவர் கூட்டத்தில் கிரிப்டோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ எம்.பி.ஏ. பழைய மாணவர்கள் ஒரு மாலை கூடினால், துறைமுகத்தை நம்பித் தொழில் செய்பவர்கள் கணிசமாக இருப்பார்கள்: சுங்க முகவர்கள், கன்டெய்னர் லாரி வைத்திருப்பவர்கள், கிடங்கு நடத்துபவர்கள். இவர்களுக்கு ‘கிரிப்டோவும் பிளாக்செயினும்’ என்று ஒரே தலைப்பில் ஒரே பேச்சை ஏற்பாடு செய்வதுதான் முதல் தவறு. கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற மின்னணு நாணயம், வாங்கலாமா என்பது சேமிப்பைப் பற்றிய கேள்வி. பிளாக்செயின் என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் மின்னணுப் பதிவேடு; பல நிறுவனங்கள் அப்படி ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளலாமா என்பது தொழிலைப் பற்றிய கேள்வி. சேர்த்துப் பேசினால் “இப்போது வாங்கலாமா?” என்று யாராவது கேட்பார், அத்தோடு இரண்டாவது கேள்விக்கு நேரம் இருக்காது.

இழப்பு நமக்குத்தான். டிரேட்லென்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து, சரக்கு ஆவணங்களைப் பிளாக்செயினில் கொண்டுவர 2018இல் அறிவித்த திட்டம் அது. 2022 நவம்பரில் கைவிடுவதாக அறிவித்தார்கள். உலகளாவிய தொழில்துறை ஒத்துழைப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதே சொன்ன காரணம். போட்டியாளர் உருவாக்கிய தளத்தில் தன் தரவை வைக்க எந்தக் கப்பல் நிறுவனம்தான் தயங்காது? இன்னொன்று: பிளாக்செயினில் பதிந்ததைப் பிறகு திருத்த முடியாது என்பது உண்மைதான், ஆனால் பதியும்போதே பொய் சொன்னால் பொய்யும் திருத்த முடியாமல் நிற்கும். பெட்டிக்குள் இருப்பது பஞ்சா, பழைய இரும்பா என்பதைத் திறந்து பார்க்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும். பேச்சாளரிடம் இதைக் கேளுங்கள். திணறினால் அவருக்குத் துறைமுகம் தெரியாது.

‘நம் பேட்ச்காரர்தானே’ என்று பேச்சாளரை விசாரிக்காமல் விடுவது அடுத்த தவறு, என் பார்வையில் மிக மோசமானதும் இதுவே. நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்றத் தளம் எதிலாவது அவருக்குப் பங்கு உண்டா, ஆள் சேர்த்தால் கமிஷன் வருமா என்பதை அழைப்பிதழ் அச்சாகும் முன்பே கேட்டுவிடுங்கள். திரையில் காட்டும் கடைசிப் படத்தில் கியூஆர் குறியீடு இருந்தால் அது உரையல்ல, விற்பனை.

“கிரிப்டோவை சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்துவிட்டது” என்று மேடையில் யாராவது சொல்வார். 2020 மார்ச்சில் நீதிமன்றம் ரத்து செய்தது, கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018இல் அனுப்பிய சுற்றறிக்கையை. பிட்காயின் அதனால் சட்டப்படியான பணம் ஆகிவிடவில்லை.

வரியைப் பற்றிப் பேசாமல் லாபத்தை மட்டும் பேசுவதும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரித்தொகையின்மேல் 4 சதவீத செஸ். ஒரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனாலும் 31,200 ரூபாய் கட்ட வேண்டும். ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்கச் சட்டம் இடம்தரவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர், தளத்தில் கிடக்கும் நாணயம் தன் கையில் இருப்பதாக நினைக்கக் கூடாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ளவை திருடுபோயின. நாணயத்தை நீங்களே வைத்துக்கொள்ளும் சொந்த வாலட் (மின்னணுப் பணப்பை) இருந்தால், அதை மீட்கும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். போனில் படமெடுத்து வைப்பது வேண்டாம். கூட்டத்துக்குப் பின் வாட்ஸ்அப் குழுவில் ‘உதவி மையம்’ என்று நுழைந்து அந்தச் சொற்களைக் கேட்பவரை உடனே நீக்குங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், குழுவில் நியாயம் கேட்டுக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.