பழைய லென்ஸ், புதிய கேமரா, நடுவில் ஒரு வளையம்

நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் கல்யாண வேலைக்கு ஒரு மாமியா எம்645 ஃபிலிம் கேமரா வைத்திருந்தோம். ஒரு 120 ஃபிலிம் ரோலுக்கு 15 படம்தான். முகூர்த்தத்துக்கு முன் இரண்டு படமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே எடுப்போம். கடையை மூடும்போது முதலாளி அதன் 80 மி.மீ. எஃப் 1.9 லென்ஸை என் கையில் கொடுத்து, "பாடி போயிடுச்சு தம்பி, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, வச்சுக்க" என்றார். பல வருஷம் அது பீரோவில்தான் இருந்தது. பெரிய சென்சார் உள்ள டிஜிட்டல் கேமரா ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்த பிறகு, அந்த லென்ஸ்தான் என் முதல் லென்ஸ் ஆயிற்று. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. மாமியா 645-ல் 63.3 மி.மீ., ஜிஎஃப்எக்ஸில் 26.7 மி.மீ. பழைய கேமராவுக்குள், காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கண்ணாடி இல்லை, தூரம் சுருங்கிவிட்டது. மிச்சமுள்ள 36.6 மி.மீ.யை நிரப்பும் உலோகக் குழாய்தான் அடாப்டர். அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. நிக்கான் எஃப் லென்ஸுக்கு 19.8 மி.மீ., பென்டாக்ஸ் 67-க்கு 58 மி.மீ.க்குச் சற்று மேல்.

வெறும் குழாய்தானே என்று நினைத்து நானும் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். மாட்டியதும் லென்ஸ் லேசாக ஆடியது. முதல் வாரப் படங்களில் இடது பக்கம் எப்போதும் ஒரு மங்கல். லென்ஸ் அடி வாங்கியிருக்கிறது என்று முடிவுகட்டி, பிரித்துப் பார்க்கக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். குற்றம் லென்ஸில் இல்லை. அடாப்டரின் வாய் ஒரு முடி அளவு சாய்ந்திருந்தது. பழைய ஃபிலிமில் இது தெரியாமலே போயிருக்கலாம். 51 மெகாபிக்ஸல் சென்சார் எதையும் மறைக்காது. அதனால் லென்ஸுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை அடாப்டருக்குக் கொடுங்கள்.

வாங்கியதும் சோதிக்க ஒரு நியூஸ்பேப்பர் போதும். முழுத் தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, தாளுக்கு நேர் எதிரே, நட்ட நடுவில் நிறுத்துங்கள். எஃப் 4-ல் (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் நுழையும் துளை சிறிதாகும்) ஒரு படம். கம்ப்யூட்டரில் நான்கு மூலைகளிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் குணம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் சந்தேகம் அடாப்டர் மேல். லென்ஸைக் கையால் மெதுவாகத் திருகிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். லென்ஸ் உட்காரும் பக்கத்தில் மூன்று மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கும். மெல்லிய ஸ்குரூடிரைவர் நுனியால் அவற்றைக் கொஞ்சம் நிமிர்த்தினால் பிடி இறுகும். சாய்வு மட்டும் சரியாகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சோதனை தூரம். பெரிய கோயில் விமானத்தின் கலசத்தை ஒரு தெரு தள்ளியிருந்த மாடியிலிருந்து ஃபோகஸ் செய்து பார்த்தேன். அடாப்டர் தடிமன் கூடினால் தூரத்துப் பொருள் ஃபோகஸுக்கே வராது, லென்ஸின் ஃபோகஸ் வளையம் முட்டி நின்றுவிடும். தடிமன் குறைந்தால் முடிவிலி (∞) குறியைத் தாண்டியும் வளையம் ஓடும். அதாவது குறியில் வைத்தால் கலசம் மங்கலாக இருக்கும், குறிக்குச் சற்று முன்னால்தான் கூர்மை வரும். பெரும்பாலான அடாப்டர்களை வேண்டுமென்றே இப்படி ஒரு நூல் குறைத்துத்தான் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. லென்ஸில் அச்சடித்த தூர எண்களை மட்டும் நம்பாதீர்கள்.

குழாயின் உட்புறத்தையும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் வெளுக்கும். முதலில் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். நூல் உதிர்ந்து சென்சாரில் போய் உட்கார்ந்தது, அதை நீங்கள் செய்ய வேண்டாம். பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்டை மெல்லியதாக ஒரு கோட் அடித்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். வித்தியாசம் முதல் படத்திலேயே தெரிந்தது.

சரி, கேமராவுக்குள் வருவோம். அடாப்டரில் மின் இணைப்பு கிடையாது, அதனால் லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்' என்பதை ஆன் செய்யாவிட்டால் ஷட்டர் விழாது. பலர் அடாப்டர் கெட்டது என்று நினைத்துக்கொள்வது இங்கேதான். அதன்பின் 'மவுன்ட் அடாப்டர் செட்டிங்'கில் 80 என்று குவிய தூரத்தைப் பதியுங்கள். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், 50எஸ் 2 போல உள்ளேயே கை ஆட்டத்தைத் தடுக்கும் வசதி உள்ள கேமராக்களில் இந்த எண் தப்பாக இருந்தால் அந்த வசதி சரியாக வேலை செய்யாது. ஷட்டர் வேக டயலை 'ஏ'-யில் வையுங்கள். வெளிச்சத் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையத்தை நீங்கள் திருப்பும்போது உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே வேகத்தைப் போட்டுக்கொள்ளும்.

மாமியா லென்ஸில் இன்னொரு சின்ன விஷயம். பக்கவாட்டில் ஏ, எம் என்று ஒரு நெம்பு இருக்கும். அது 'ஏ'-யில் இருந்தால் வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பினாலும், துளையை மூடும் மெல்லிய இதழ்கள் திறந்தே இருக்கும். 'எம்'-முக்குத் தள்ளி, முன்பக்கம் எட்டிப் பார்த்து இதழ் மூடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த லென்ஸ் பொருந்தும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ., மூலைக்கு மூலை ஏறத்தாழ 55 மி.மீ. 645, அதாவது 6-க்கு 4.5 செ.மீ. ஃபிலிமுக்குச் செய்த லென்ஸ் 70 மி.மீ. அகல வட்டத்தை நிரப்பியாக வேண்டும், அதனால் மூலை இருள் என்ற கவலையே இல்லை. மாமியா, பென்டாக்ஸ் 645 எல்லாம் அப்படித்தான், இன்னும் பெரிய 6-க்கு 6 செ.மீ. படத்துக்கான பென்டகான் சிக்ஸ் லென்ஸும் நிரப்பும். பழைய ஹாசல்பிளாட் வி லென்ஸும் நிரப்பும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்டதை ஷட்டரை ஏற்றி வைத்த நிலையில்தான் அடாப்டரில் மாட்ட வேண்டும்.

35 மி.மீ. ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் வேறு கதை. அவை 43.3 மி.மீ. வட்டத்துக்கு மட்டுமே கடமைப்பட்டவை. நீளமான லென்ஸ்கள் பலதும் தாராளமாகவே நிரப்பும். என் நிக்கான் 105 மி.மீ. எஃப் 2.5 முகங்களுக்குக் குறையில்லாமல் வருகிறது. 50 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் மூலைகள் இருண்டுவிடும், 28 மி.மீ.யில் பெரும்பாலும் கறுப்பே விழுந்துவிடும். இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். அப்பர்ச்சரை மூட மூட அந்த இருளின் விளிம்பு மங்கலாக இல்லாமல் வெட்டியதுபோல் தெரியும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் வட்டம் பெரிதாகும், இருள் குறையும். இன்னொரு வழி, சதுரமாக எடுப்பது. 32.9 மி.மீ. சதுரத்துக்கு மூலைக்கு மூலை 46.5 மி.மீ.தான். ஓரத்தில் மட்டும் தோற்ற லென்ஸ் சதுரத்தில் பெரும்பாலும் ஜெயித்துவிடும். '35 மி.மீ. ஃபார்மட் மோட்' என்று ஒன்று மெனுவில் உண்டு, ஆனால் பெரிய சென்சாரை வாங்கிவிட்டு அதை வெட்டி எறிவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அப்பர்ச்சர் வளையமே இல்லாத நிக்கான் ஜி லென்ஸ், மின்சாரத்தில் இதழ் மூடும் கேனான் ஈஎஃப் லென்ஸ் இரண்டுக்கும் சாதாரண குழாய் போதாது. ஆரம்பத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

ஃபோகஸ் செய்வதற்கு வருகிறேன், நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இது. தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் இரண்டு நாள் இருந்தேன். பெரியவர் ஒருவர் வீணையின் தண்டியின் (நீண்ட கழுத்துப் பகுதி) மேல் கறுப்பு மெழுகைச் சூடாக்கி இழைத்து, அதில் சுர இடம் காட்டும் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, தந்தியை மீட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எஃப் 1.9-ல் அவர் விரல் நகம் கூர்மையாக இருந்தால் மெட்டு மங்கிவிடும், அவ்வளவு மெல்லிய ஆழம். வ்யூஃபைண்டரில், கூர்மையான விளிம்பை வண்ணக் கோட்டால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் சிவப்பாக மின்னியது, நானும் நம்பி எடுத்தேன். வீட்டில் பார்த்தால் பாதிப் படம் குறி தப்பியிருந்தது. முழுதாகத் திறந்த பழைய லென்ஸ் கொஞ்சம் மெழுகு பூசியதுபோல்தான் வரையும், பீக்கிங் அதில் ஏமாந்துவிடும்.

மறுநாள் வேறு மாதிரி செய்தேன். படத்தை, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாகச் சேமிக்கச் சொல்லி, வ்யூஃபைண்டரை மட்டும் அக்ராஸ் என்ற கறுப்பு வெள்ளை முறைக்கு மாற்றினேன். வண்ணம் ராவில் அப்படியே இருக்கும். கறுப்பு வெள்ளையில் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். ஆனால் பீக்கிங்கைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பின் டயலை அழுத்திப் பெரிதாக்கி, மெட்டின் விளிம்பைப் பார்த்துத்தான் கடைசித் திருப்பம். அப்பர்ச்சரையும் எஃப் 2.8-க்கு மூடி, அந்த நிலையிலேயே ஃபோகஸ் செய்தேன். திறந்து வைத்து ஃபோகஸ் செய்து பிறகு மூடினால், வேகமான பழைய லென்ஸ்களில் கூர்மை இடம் பெயரும். பெரியவர் மெட்டை அழுத்தி, மீட்டி, கேட்பதற்காக ஒரு கணம் அசையாமல் இருப்பார். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்த ஒன்பது படத்தில் ஏழு தேறியது.

ஷட்டர் எப்போதும் மெக்கானிக்கலில் இருக்கட்டும். சத்தம் வேண்டாமே என்று எலக்ட்ரானிக்கில் போட்டபோது, பக்கத்தில் மரம் செதுக்கிக்கொண்டிருந்தவரின் உளி வில்லாக வளைந்து பதிந்தது. பட்டறையின் எல்இடி விளக்கால் படம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தச் சென்சார் படத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கக் கால் நொடி அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. ஹாசல்பிளாட் எக்ஸ்1டி வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அதில் ஷட்டர் லென்ஸில்தான் இருக்கிறது, பழைய லென்ஸ் மாட்டினால் எலக்ட்ரானிக் மட்டும்தான். அசையாத பொருளுக்குச் சரி, கைவேலைக்குச் சரிவராது.

படத்தோடு அப்பர்ச்சர் எண் பதியாது. நான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விரல்களைக் காட்டி ஒரு படம் எடுத்துவிடுவேன், எஃப் 4 என்றால் நான்கு விரல்.

கடைசியாக, பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடினால் அது பூஞ்சை. ஓரத்தில் துளி இருந்தால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் வேண்டாம். இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் வாரம் ஒரு முறை முள்ளைப் பார்ப்பேன். 50-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்து மாற்றிவிடுவேன்.