அக்காவின் விண்டோஸுக்குப் போன என் லினக்ஸ் நிரல்

படங்களைச் சுருக்கித் தரும் சின்ன நிரல் ஒன்றை லினக்ஸில் சி++ மொழியும், சாளரம், பொத்தான்களை வரைந்து தரும் ஜிடிகே 3 நூலகமும் கொண்டு எழுதியிருந்தேன். அக்கா தன் கடைக்கும் அது வேண்டும் என்றாள். அங்கே விண்டோஸ்.

லினக்ஸ் நிரலின் மூலத்தை விண்டோஸில் ஓடும் கோப்பாகக் கட்டித் தரும் சிக்வின், 1995இலிருந்து இருக்கும் நல்ல கருவிதான். ஆனால் அதில் கட்டியது சிக்வின்1.டிஎல்எல் என்ற இடைத்தளத்தின் மேல்தான் ஓடும். எம்சிஸ்2 என்ற கருவித் தொகுப்பு வழியாக மிங்டபிள்யூ கம்பைலரில் கட்டினால் நேரடி விண்டோஸ் நிரலே கிடைக்கும். சரி, அப்படியே செய்தேன். என் கணினியில் அருமையாக ஓடியது. அக்காவின் கணினியில் ஏதோ ஒரு டிஎல்எல் (நிரல் ஓடத் தேவையான நூலகக் கோப்பு) இல்லை என்றது. அதைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை என்றது.

எம்சிஸ்2 முனையத்தில், தேவையான நூலகங்களைக் காட்டும் எல்டிடி கட்டளையை நிரலின் மேல் ஓட்டினால் முழுப் பட்டியலும் வந்துவிடும். சிஸ்டம்32 அடைவில் இருப்பவை விண்டோஸின் சொந்தம், தொட வேண்டாம். மற்றவற்றை நிரலின் பக்கத்திலேயே நகலெடுத்து வைத்தேன்.

அப்புறமும் ஒரு சிக்கல். சாளரம் திறந்தது, 'கோப்பைத் தேர்ந்தெடு' பொத்தானை அழுத்தியதும் நிரலே மூடிக்கொண்டது. அரை நாள் போனது. ஜிடிகே தன் அமைப்புகளை ஓடும்போதுதான் ஜிஸ்கீமாஸ்.கம்பைல்டு என்ற கோப்பில் தேடுகிறது. அது நூலகம் அல்ல, அதனால் எல்டிடி காட்டாது. ஷேர் அடைவுக்குள் கிலிப்-2.0, அதற்குள் ஸ்கீமாஸ் என்று அதே அடுக்கில் வைத்ததும் சரியானது.

கடைசியில் எல்லாவற்றையும் நிறுவி உருவாக்கும் கருவியான என்எஸ்ஐஎஸ் கொண்டு ஒரே நிறுவியாக்கினேன். நிர்வாகி அனுமதி கேட்காமல் பயனரின் அடைவிலேயே பதியும்படி வைத்தேன்; அந்தக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் மாமாவிடம்தான் இருக்கிறது.